270 குதிரை, 210 குதிரை, எஞ்சின் ஒன்றுதான்

1971ஆம் வருட செவர்லே கார்வெட்டின் அடிப்படை எஞ்சினுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்கள் கொடுத்தது: 270 குதிரைத்திறன், 210 குதிரைத்திறன். எஞ்சின் ஒன்றுதான், 350 கன அங்குல வி8. அடுத்த வருடம் ஒரே எண்தான், 200. பழைய கார் பிரியர்கள் 270-ஐயும் 200-ஐயும் பக்கத்தில் வைத்து, "புகைக் கட்டுப்பாடு வந்து எஞ்சின் கழுத்தை நெரிச்சிடுச்சு" என்பார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் 210-ஐ அனேகமாக யாரும் சொல்வதில்லை.

270 என்பது 'கிராஸ்' கணக்கு. எஞ்சினைத் தனியாக டைனமோமீட்டரில் பூட்டி, ஏர் ஃபில்டர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் சுமை இல்லாமல், காரின் சைலன்ஸருக்குப் பதிலாக ஆய்வகத்தின் தாராளமான குழாயை மாட்டி அளப்பது. 210 என்பது 'நெட்' கணக்கு. காரில் எதெல்லாம் இருக்குமோ அதெல்லாம் மாட்டி அளப்பது. ஆக, 70 குதிரை வித்தியாசத்தில் 60 வெறும் அளவுகோல் மாற்றம். அந்த 60 குதிரை ரோட்டுக்கு வந்ததே இல்லை. 1970இல் இதே எஞ்சின் கிராஸ் கணக்கில் 300 இருந்தது. 71இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரஷனைக் குறைத்தார்கள், 270 ஆனது. அப்படிப் போன சக்தியை எந்தக் குழாயை மாற்றினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆஃப்டர்மார்க்கெட் எக்ஸாஸ்ட் விளம்பரங்களைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: கம்பெனிக்காரன் சக்தியை அடைத்து வைத்திருக்கிறான், நாங்கள் திறந்துவிடுகிறோம். இது பச்சைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது.

1975இல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. கார்வெட்டின் இரண்டு புகைக் குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டைகள் அடைத்த ஒரே டப்பா வழியாக அனுப்பி, அதற்குப் பிறகு பின்பக்கம் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். அடிப்படை எஞ்சினின் நெட் எண் 165. எட்டு சிலிண்டரும் ஒரே மூக்கால் மூச்சுவிட்ட கார் அது. அன்றைக்கு ஒருவர் "இந்தக் குழாய் எஞ்சினை அடைக்கிறது" என்று சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். பிற்பாடு தேன்கூடு வடிவக் கன்வர்ட்டர்கள் வந்தன, கம்பெனிப் பொறியாளர்களும் கணினியில் புகையோட்டத்தைக் கணக்கிட ஆரம்பித்தார்கள். அடைப்பு குறைந்துகொண்டே வந்தது. விளம்பர வசனம் மட்டும் 75லேயே நின்றுவிட்டது.

குழாயால் சக்தி கூடவே கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் வால்டர் காடனைப் பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில், டூ ஸ்ட்ரோக் பைக்கின் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையை வைத்தே 1961 வாக்கில் 125 சிசி எஞ்சினில் 25 குதிரை எடுத்தவர். அந்த ரகசியத்தோடு அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி சுசுகியில் சேர்ந்ததும், அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டம் வென்றதும் தனிக்கதை.

ஃபோர் ஸ்ட்ரோக் காரில் குழாயின் பங்கு இவ்வளவு பெரிதில்லை, ஆனால் அலை அங்கேயும் உண்டு. வால்வு திறந்ததும் அழுத்த அலை ஓடி, குழாய் விரியும் இடத்தில் தாழ்வழுத்த அலையாகத் திரும்புகிறது. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் சரியாக வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்துவிடும். உதாரணத்துக்கு 80 செ.மீ. குழாய், அலையின் வேகம் விநாடிக்கு 550 மீட்டர் என்று வைத்துக் கணக்கு போட்டேன். போய்வர 2.9 மில்லி விநாடி. அதற்குள் 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் 105 டிகிரி சுற்றிவிடும், 3000த்தில் 52 டிகிரிதான். ஒரு வேகத்தில் உதவுகிற குழாய் இன்னொரு வேகத்தில் உதவாமல் போகலாம், கெடுக்கவும் செய்யலாம். விளம்பரத்தில் "+12" என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால், எந்த ஆர்பிஎம்மில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிட்டி டிராஃபிக்கில் 6000 ஆர்பிஎம்முக்கு யாருங்க போறது?

அந்த 12ஐயும் கொஞ்சம் தோண்டலாம். டைனோ அளவீட்டை அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்துவார்கள். அமெரிக்க டைனோ சீட்டுகளில் 'எஸ்ஏஇ', 'எஸ்டிடி' என்று இரண்டு திருத்தங்களைப் பார்க்கலாம். எஸ்ஏஇ 25 டிகிரி செல்சியஸ் காற்றை எடுத்துக்கொள்கிறது. பழைய எஸ்டிடி இன்னும் குளிர்ந்த, இன்னும் அடர்ந்த, சுமார் 15.5 டிகிரி காற்றை எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 4 சதவீதம். 300 குதிரைக்கு 4 சதவீதம் எவ்வளவு? 12! பழைய சைலன்ஸரை எஸ்ஏஇ-யிலும் புதியதை எஸ்டிடி-யிலும் அச்சடித்தால் போதும், குழாயே மாற்ற வேண்டாம். எல்லாரும் இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கோடுகளும் ஒரே டைனோ, ஒரே நாள், ஒரே திருத்தமா என்று சீட்டின் மூலையைப் பார்ப்பதில் தப்பில்லை. நடுவில் ஈசியூ டியூனிங்கையும் மாற்றியிருந்தால், வந்த குதிரை யாருடையது என்று பிரிக்கவே முடியாது. டர்போ கார்களில் இதுதான் பெரிய குழப்பம்.

மிச்சமிருப்பது சத்தம். 10 டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்கு மாதிரி கேட்கும், வண்டி வேகமாகப் போகிற மாதிரியும் தோன்றும். சத்தம் பிடித்து வாங்குபவரிடம் எனக்கு வழக்கே இல்லை. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் சில பாகங்களின் மேல் 'இஓ' என்று ஒரு எண் இருக்கும். மாநிலக் காற்றுவள வாரியம் கொடுப்பது. சில விற்பனைப் பக்கங்கள் அதை ஏதோ செயல்திறன் பரிசு மாதிரி பெரிய எழுத்தில் போடுகின்றன. இந்தப் பாகத்தை மாட்டினால் புகை அளவு சட்ட வரம்பைத் தாண்டாது என்பதற்கான அனுமதி அது. குதிரைகளை அந்த வாரியம் எண்ணுவதில்லை.