வளரும் வீடு

பாலகிருஷ்ண தோஷியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் லெ கார்புசியேவில் தொடங்குகிறார்கள். புணேயில் அவர் வளர்ந்த வீட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

தோஷி 1927-இல் பிறந்தார். பரம்பரையாக மரச்சாமான் செய்த கூட்டுக்குடும்பம். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். தாத்தாவின் பட்டறையில் மரம் நாற்காலியாகவும் கட்டிலாகவும் உருமாறுவதைப் பார்த்து வளர்ந்தார். குடும்பம் பெருகப் பெருக வீட்டுக்கும் புதிய அறைகள் முளைத்தன, தளங்கள் ஏறின. வீடு என்பது கட்டி முடிக்கப்பட்ட ஒரு பொருள் என்ற எண்ணமே அந்தச் சிறுவனுக்கு எழ வாய்ப்பில்லை.

1947-இல் பம்பாய் ஜே.ஜே. கலைக்கல்லூரியில் சேர்ந்தார், பட்டம் பெறாமலே லண்டன் போனார். 1951-இல் பாரிஸில் கார்புசியேவின் கூடத்துக்குள் நுழைந்தபோது பிரெஞ்சு தெரியாது. முதல் எட்டு மாதங்கள் சம்பளமும் இல்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ் காய்களில் நாட்கள் ஓடின.

1954-இல் இந்தியா திரும்பி, ஆசானின் கட்டிடங்களை அகமதாபாத்தில் மேற்பார்வை செய்தார். 1956-இல் சொந்த அலுவலகம். 1962 முதல் இந்திய மேலாண்மைக் கழகத்துக்காக லூயி கானோடும் இணைந்து உழைத்தார். இரு பெரும் மரங்களின் நிழலில் நின்ற செடிக்கு என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். தொடக்ககாலத் தோஷியின் கான்கிரீட்டில் ஆசானின் குரல் சற்று உரக்கவே கேட்கிறது. தன் அலுவலகத்துக்காக அவர் 1980-இல் கட்டி முடித்த 'சங்கத்'தில் அந்தக் குரல் அடங்கிவிட்டது. பாதி மண்ணுக்குள் இறங்கிய வளைகூரைகள். அவற்றின் மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகள்.

புணே வீடு திரும்பி வந்தது இந்தூரின் அரண்யா குடியிருப்பில்தான். 1980-களில் உருவான திட்டம். 6500-க்கும் மேற்பட்ட வீடுகள், 80,000 பேருக்கு இடம். மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். ஏழைக்கு முழு வீடு கட்டித்தரப் பணமில்லை. அரசுத் திட்டங்கள் எப்போதும் இங்கேதான் முட்டி நிற்கின்றன. தோஷி வீட்டைக் கொடுக்கவில்லை, அதன் விதையைக் கொடுத்தார்: அடித்தளம், கழிப்பறை, தண்ணீர், சிலருக்கு ஓர் அறை. மிச்சத்தைக் கைவசம் காசு சேரும்போது குடியிருப்பவரே கட்டிக்கொள்ளலாம். வசதியுள்ளோருக்கு விற்ற மனைகளின் வருவாய் ஏழைகளின் மனைகளுக்கு உதவியது.

எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை அவரே கட்டினார். படிகளும் மாடங்களும் முன்திண்ணைகளுமாகப் புகைப்படங்களில் அவை மிக அழகானவை. 1995-இல் ஆகா கான் விருதும், 2018-இல் இந்தியர் எவரும் அதுவரை பெற்றிராத பிரிட்ஸ்கர் விருதும் வந்தன. 2023-இல் தோஷி மறைந்தார்.

அந்த மாதிரி வீடுகளில் பல இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. கட்டிடக்கலை ஆர்வலர் சிலருக்கு இதில் வருத்தம். எனக்கில்லை. அங்கே குடும்பங்கள் பெருகியிருக்கின்றன; மாடிகள் ஏறியிருக்கின்றன.