யாருமே ‘சாகலை’

நம்ம தெருச் சுவர்ல இருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நின்னு படிச்சிருக்கீங்களா? காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார். போன்ல சொல்லும்போது, “தாத்தா தவறிட்டாரு.” ‘செத்துட்டார்’னு சொல்ல நாக்கு கூசுது. அந்தச் சொல்லை எலிக்கும் கரப்பானுக்கும், சில சமயம் நமக்குப் பிடிக்காத ஆளுக்கும் ஒதுக்கி வெச்சிருக்கோம்.

சரி, ‘இறந்தார்’ நேரடியான சொல்தானே? அதுவும் இல்லைங்க. ‘இற’ன்னா கடந்து போறது. ஸ்கூல் இலக்கணத்துல வந்த ‘இறந்த காலம்’ ஞாபகம் இருக்கா? கடந்த காலம். அவ்ளோதான். ஒரு காலத்துல பூசி மெழுகின சொல், புழங்கிப் புழங்கி இன்னிக்கு நேர்ப்பொருளா ஆயிடுச்சு. (நாம திட்டுறதுக்கு வெச்சிருக்கிற ‘எழவு’கூட இழவுதான். இழப்புன்னு அர்த்தம். பாவம் அந்தச் சொல்.)

இந்தக் கூச்சம் ரொம்பப் பழசு. புறநானூற்றுல கிள்ளிவளவன்னு இரண்டு பேர் வர்றாங்க. ஒருத்தர் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இன்னொருத்தர் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன். துஞ்சுதல்னா தூங்குதல். ஒரே பெயர்ல இருக்கிற ராஜாக்களை, எங்கே ‘தூங்கிப்போனார்’ங்கிறதை வெச்சுப் பிரிச்சுச் சொல்லியிருக்காங்க.

பல நூற்றாண்டு கழிச்சு, தஞ்சைச் சோழர் காலத்துலயும் இதே வழக்கம்தான். சுந்தர சோழருக்குப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’னு பெயர். அவரோட அப்பா அரிஞ்சயர், ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’. அந்தத் தாத்தாவுக்காக ராஜராஜன் வேலூர் பக்கம் மேல்பாடியில ஒரு கோயில் கட்டினார். கல்வெட்டு அதைப் பள்ளிப்படைன்னு சொல்லுது. பள்ளியறைன்னு சொல்றோமே, அதே பள்ளி. படுத்துத் தூங்குற இடம்.

ஆனா எல்லாரும் தூங்கிப்போகலை. ஆநிரைச் சண்டையில உயிர்விட்ட வீரர்களோட நடுகற்களைப் பாருங்க. அதுல வர்ற சொல் ‘பட்டான்’. தேவரும் இல்லை, துஞ்சலும் இல்லை. மென்மையான சொல் மரியாதை மட்டும் இல்லை, அந்தஸ்தும்தான்னு எனக்குத் தோணுது.

அதுக்காக அந்த வீரர்களை ஊர் மறந்துடலை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. மகேந்திரவர்மப் பல்லவரோட 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. தன்னோட எருமைகளுக்காகச் சண்டை போட்டுப் ‘பட்ட’ கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். பக்கத்துலயே அவரோட நாயையும் செதுக்கியிருக்காங்க. நாய்க்குப் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடிச்சுட்டு, அங்கேயே காத்து நின்னுதாம். அதையும் கல்லுல எழுதி வெச்சிருக்காங்க. அப்புறம் கோவிவன் துஞ்சினதா, பட்டதாங்கிறது மட்டும் அந்தக் கல்லுல இல்லை.