சுவர்ப் பல்லியும் சிறுத்தைப் பல்லியும்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் வீடுகளில் பல்லி இல்லாத சுவர் அபூர்வம். சிச்சாக் என்று நாம் சொல்லும் அந்தப் பல்லியை யாரும் வளர்ப்பதில்லை, அது தானாக வாழ்கிறது. இப்போது சில வீடுகளில் இன்னொரு பல்லியும் குடியேறியிருக்கிறது. மஞ்சள் உடம்பு, கரும்புள்ளிகள், தடித்த வால். கடையில் வாங்கி வந்து தொட்டியில் வைக்கும் சிறுத்தைப் பல்லி. இரண்டும் பல்லிதானே, நம் ஊர் சூட்டில் இதற்கு என்ன குறை வரும் என்று நினைப்பது இயல்பு. புதிதாக வந்த பல்லி ஒடுங்கிப் போவதற்கு அந்த நினைப்பே பல வீடுகளில் காரணம்.

சுவர்ப் பல்லி தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் உரியது. கப்பல் சரக்கோடு பசிபிக் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய், இறங்கிய துறைமுகங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. சிறுத்தைப் பல்லியின் ஊர் வேறு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் பாறை நிறைந்த வறண்ட நிலமே அதன் தாயகம். எட்வர்ட் பிளைத் 1854இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

காலைப் பாருங்கள். சுவர்ப் பல்லியின் விரலடியில் நுண்மயிர் அடர்ந்த பட்டைகள் உண்டு. ஆபத்து வந்தால் நொடியில் உத்தரத்துக்கு ஏறிவிடும். சிறுத்தைப் பல்லிக்கு வெறும் நகங்கள்தான், கண்ணாடியில் ஏற முடியாது. தரையில் வாழும் அதற்குப் பகை மேலிருந்து வரும். மேலே இருந்து நீளும் நம் கையும் அதற்குப் பகைதான். தூக்கியே ஆக வேண்டுமென்றால் கையைப் பக்கவாட்டில், தரையோடு தாழ்த்திக் கொண்டு போக வேண்டும். முதல் இரண்டு வாரம் தூக்காமலே இருப்பது இன்னும் நல்லது.

வாலிலும் வேறுபாடு உண்டு. இரண்டுமே அஞ்சினால் வாலை உதிர்க்கும், இரண்டுக்கும் மீண்டும் வளரும். ஆனால் சிறுத்தைப் பல்லிக்கு வால்தான் நெற்குதிர். கொழுப்பின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. இடம் மாறிய பல்லி சில நாள் இரையைத் தொடாது. வளர்ந்த பல்லி அந்த நாட்களை வால் கொழுப்பைக் கொண்டே கடந்துவிடும். அந்த நேரத்தில் பயமுறுத்தி வாலை உதிர்க்கச் செய்தால், பட்டினியோடு சேமிப்பையும் பறித்ததாகிவிடும்.

பினாங்கில் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகள் தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதையே பெரிதாகப் பேசும். இங்கே பகலில் 31, 32 டிகிரி, இரவிலும் 24க்குக் கீழே அதிகம் இறங்காது. காற்றின் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். சிறுத்தைப் பல்லிக்கு வேண்டியதோ 30 முதல் 40 விழுக்காடு. ஆகவே இங்கே முதல் தேவை காற்றோட்டம்: வலை மூடி, சிறிய தண்ணீர்க் கிண்ணம், ஈரம் தேங்காத தரை விரிப்பு. செரிமானத்துக்கு வயிற்றடியில் 32 டிகிரி அளவில் ஒரு மூலை வேண்டும். ஆனால் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் சூட்டுத் தகட்டைப் போட்டால், நம் வானிலையில் தொட்டி முழுவதும் அடுப்பாகிவிடும். மறுமூலை 26 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்திருக்க வேண்டும். ஏர்கான் ஓடும் அறையில் நிலைமை தலைகீழ். காற்று வறண்டு, உரியும் தோல் விரல்களில் இறுகிக்கொள்ளும். நனைத்த பாசி வைத்த சிறு டப்பா ஒன்று எப்போதும் உள்ளே இருக்கட்டும்.

சுவர்ப் பல்லிக்கு இந்தக் கணக்கு எதுவும் நாம் போட்டுத் தர வேண்டியதில்லை. வெயில் ஏறினால் ஓட்டுக்கு அடியில் போகும், இரவில் விளக்கருகே வரும். டெங்கிக்காகத் தெருவில் புகை அடித்தால் வேறு இடம் தேடும். தொட்டியில் இருப்பதற்கு அந்த வழி இல்லை. பூச்சிக்கொல்லிப் புகை அதற்கும் ஆகாது, இரையான சில்வண்டுகளுக்கும் ஆகாது. புகை அடிக்கும் நாளில் தொட்டியைச் சன்னல் மூடிய உள்ளறைக்கு மாற்றுவது நம் பொறுப்பு. சுவரோரம் பிடித்த பூச்சியை அதற்குப் போடவும் கூடாது. அதில் மருந்து ஒட்டியிருக்கலாம்.

சுவர்ப் பல்லி சத்தம் போட்டுத் தன் எல்லையை அறிவிக்கும். சிறுத்தைப் பல்லி பெரும்பாலும் ஊமை. அது பேசாமல் கிடப்பதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடையும் எச்சமும்தான் உண்மையைச் சொல்லும். வாரம் ஒரு முறை, பல்லியை ஒரு டப்பாவுக்குள் தானே நடந்து வரவிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைக்கலாம். பழகிய பல்லி ஒரே மூலையில் எச்சமிடும், மாலையில் வெளியே வந்து நாக்கால் இடத்தைத் தொட்டுப் பார்க்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, கண் திறக்காமலே இருந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. சுவர்ப் பல்லி எந்த ஊரிலும் பிழைப்பதற்குக் காரணம், ஒளிய இடம், சூடு, இரை, மனிதரிடமிருந்து தூரம் ஆகிய நான்கையும் அது தானே தேர்ந்துகொள்வதுதான். சிறுத்தைப் பல்லியை வாங்கும்போது அந்த நான்கையும் அதனிடமிருந்து எடுத்துவிடுகிறோம். சூடான மூலையில் ஒன்று, குளிர்ந்த மூலையில் ஒன்று, ஈரமான டப்பா ஒன்று என மூன்று மறைவிடங்கள் வைத்து, எங்கே இருப்பது என்பதை அதன் முடிவுக்கே விட்டால் எடுத்ததில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல பராமரிப்பில் 15, 20 ஆண்டு வாழும் உயிர் அது. தொடாமல் காத்திருக்கும் அந்த இரண்டு வாரம், நாம் அதற்குச் செய்யும் முதல் உபகாரம்.