சராசரி 32, ஆயாவுக்கு 80

போன மாசம் காட்டுப்பள்ளியில ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வந்தது தெரிஞ்சா ஏழாவது, எட்டாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பசங்க கணக்கு நோட்டோட வந்துடுவாங்க. (சாஃப்ட்வேர் ஆளுக்குக் கணக்கு வரும்னு ஒரு நம்பிக்கை!) அன்னிக்குப் பாடம் சராசரி. சும்மா இருக்காம ஒரு தகவலை எடுத்துவிட்டேன். 1940களில் இந்தியர்களின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்போ 70ஐ ஒட்டி இருக்கு.

"அப்போ 32 வயசுலயே கிழவன் ஆயிடுவாங்களாண்ணா?" என்றான் ஒருத்தன்.

நியாயமான கேள்வி. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

நோட்டில் 10 பேரை எழுதச் சொன்னேன். 5 பேர் 1 வயதில் இறக்கிறார்கள். மீதி 5 பேர் 63 வரை இருக்கிறார்கள். கூட்டினால் 320, பத்தால் வகுத்தால் 32. ஆனா அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தர்கூட 32ல சாகலை!

இந்த மாதிரி கணக்கு பழசு. வால் நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் (இன்று போலந்தில் இருக்கு) பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து 1693ல் ஒரு அட்டவணை போட்டார். 1 வயதில் 1000 பேர்னா, 10 வயதில் 661, 40ல் 445, 70ல் 142. முதல் ஒன்பது வருஷத்தில் 339 பேர் போயாச்சு. அடுத்த முப்பது வருஷத்தில் 216 பேர்தான். நம்ம பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளும் அதே நூற்றாண்டுல ஆரம்பிச்சதுதான்னு சொன்னதும் பசங்களுக்குச் சுவாரசியம் வந்துடுச்சு.

அப்போ மூப்பு? அதையும் 1825ல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் கணக்காக்கினார். பெரியவங்களான பிறகு சாவு அபாயம் கூட்டுவட்டி மாதிரி ஏறும், ஏறக்குறைய 8 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதாவது, அந்தக் காலத்திலும் 32 கிழ வயசு இல்லை. தடுப்பூசியும் நல்ல தண்ணியும் வந்து குழந்தைச் சாவு குறைஞ்சதுதான் சராசரியைப் பெரிசா ஏத்திவிட்டது.

திண்ணையில மீன் ஆய்ஞ்சுக்கிட்டிருந்த ஆயா தலையைத் தூக்காமலே சொன்னாங்க: "அந்த அஞ்சு பேர்ல எந்தம்பி ஒருத்தன். பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டான்."

பசங்க கப்சிப்.

ஆயாவோட சேர்த்து நாலு பேர்னுதான் எனக்குத் தெரியும். பொறந்தது ஏழு பேராம்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் ஒருதடவை கேட்டுப் பாருங்க, மொத்தம் எத்தனை பேர் பொறந்தாங்கன்னு.