மூன்று சென்டிமீட்டர்

வியன்னாவில் தத்துவவாதி விட்கென்ஸ்டைன் தன் சகோதரி மார்கரெட்டுக்காக ஒரு வீடு கட்டினார். 1926இல் பால் எங்கல்மன் தொடங்கிய வேலை. விட்கென்ஸ்டைன் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு 1928இல் முடித்தார். எல்லாம் முடிகிற தறுவாயில், கூடத்தின் விதானத்தை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னதாக மூத்த சகோதரி ஹெர்மினெ எழுதிவைத்திருக்கிறார். ஒரு மேதையின் கிறுக்கு என்றுதான் நானும் இதை வெகுநாள் நண்பர்களிடம் சொல்லிவந்தேன்.

இந்த வீடு 1970ஐ ஒட்டி இடிபடவிருந்தது. அதைக் காப்பாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் பெர்ன்ஹார்ட் லைட்னர். 1938இல் பிறந்த ஆஸ்திரியக் கட்டிடக்கலைஞர். 1968இல் நியூயார்க் போனவர். 1971இல் வீடு பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. 1973இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

அதே வருஷங்களில் அவர் வேறொன்றும் செய்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சப்தத்தை நகர்த்தினார். நகரும் சப்தம் ஒரு கோடு. கோடுகள் சேர்ந்தால் வளைவு, குழாய், சுவர். செங்கல் இல்லாத கட்டிடம். காது மட்டுமல்ல, மார்பும் முழங்காலும் பாதமும் கேட்கின்றன என்பது அவர் கட்சி. 1970களில் அவர் செய்த சாய்விருக்கையில் படுத்தால் சப்தம் உடம்பின் நீளத்துக்கு நடக்கும். இது சிற்பமா, சங்கீதமா, கட்டிடக்கலையா என்ற கேள்வி நூலகத்தில் அலமாரி தேடுகிறவனுக்கு மட்டுமே உதவும்.

1987இல் பாரிஸின் லா வில்லெட் பூங்காவில், மூங்கில் தோட்டத்துக்குள், அவருடைய ஒலி உருளை எழுந்தது. கான்கிரீட் வட்டம். துளையிட்ட 8 பலகைகள். ஒவ்வொன்றின் பின்னும் 3 ஒலிபெருக்கிகள். நான் பார்த்தது புகைப்படத்தில். ‘வறண்ட கான்கிரீட்’ என்று அபிப்பிராயம் சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அவர் கட்டிய பொருள் எதுவோ அதை மட்டும் விட்டுவிட்டுக் காமிரா மற்றதையெல்லாம் எடுத்திருந்தது. நானும் அதையே விமர்சித்திருந்தேன்.

அந்த 3 சென்டிமீட்டரும் புகைப்படத்தில் தெரியாது. கீழே நிற்கிறவனின் தலைக்கும் தோளுக்கும்தான் தெரியும். லைட்னர் வீட்டைக் காப்பாற்றியதும் சப்தத்தில் கட்டியதும் ஒரே காரியம் என்றே இப்போது எனக்குப் படுகிறது: வெளியை உடம்பு அளக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

நவீன சிற்பம் பற்றி நாம் எழுதியவை பெரும்பாலும் படங்களைப் பார்த்து எழுதியவை. இதுவும் அப்படித்தான். ஆனால் இனி அந்தக் கூரைக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது.