டிக்கெட் கொடுக்கலாம், ஓட்டக் கூடாதா?

நம் பகுதிச் சாலைகளில் இப்போது அவ்வப்போது இளஞ்சிவப்பு ஆட்டோக்களைப் பார்க்கிறோம். 2025 மார்ச் 8 மகளிர் தினத்தன்று தமிழக அரசு சென்னையில் தொடங்கிவைத்த திட்டம் இது. ஓட்டுநர்கள் அனைவரும் பெண்கள். நமக்குப் புதிதாகத் தெரியும் இந்தக் காட்சிக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

அதை லண்டனிலிருந்து தொடங்கலாம். முதல் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால், 1915 இறுதியில் அங்கே பேருந்துகளில் பெண் நடத்துநர்கள் வந்தார்கள். 1918 ஆகஸ்டில் ஆண்களுக்கு மட்டும் வாரம் 5 ஷில்லிங் போர்க்கால போனஸ் அறிவிக்கப்பட்டது. "வேலை ஒன்றுதானே, கூலி மட்டும் ஏன் வேறு?" என்று பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்டம் வேறு ஊர்களுக்கும் பரவியது. போனஸும் கிடைத்தது. ஆனால் போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரிலும் அதே கதை. பெண்கள் மறுபடியும் டிக்கெட் கொடுத்தார்கள், ஆனால் லண்டன் பேருந்தின் ஓட்டுநர் இருக்கை மட்டும் கிடைக்கவில்லை. உடல் வலு போதாது என்று சொல்ல முடியாது. குண்டு விழும் தெருக்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள். பின்னாளில் ராணியான எலிசபெத்தே 1945-இல் ராணுவப் பிரிவில் சேர்ந்து வாகனம் ஓட்டவும் பழுதுபார்க்கவும் பயிற்சி பெற்றவர். தடையாக இருந்தது விதிமுறையும் மனப்பழக்கமும்தான். குறைந்த கூலிக்குப் பெண்கள் வந்தால் தங்கள் சம்பளமும் குறைந்துவிடும் என்ற பயம் ஆண் தொழிலாளர்களிடமும் இருந்தது.

கடைசியில் 1974-இல்தான் ஜில் வைனர் லண்டனின் முதல் பெண் பேருந்து ஓட்டுநரானார். 1978-இல் ஹன்னா டாட்ஸ் சுரங்க ரயிலை ஓட்டினார். டிக்கெட் பையிலிருந்து ஸ்டியரிங்குக்கு வர ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நம் நாட்டில் 1980-களின் இறுதியில் மகாராஷ்டிரத்தின் சுரேகா யாதவ் ரயில் எஞ்சினில் ஏறினார். 2025-இல் ஓய்வு பெறும் வரை ஓட்டினார். தமிழ்நாட்டில் 1989-இல் அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று குறிப்பிடப்படுபவர் அவர். குடும்பத்தையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டே 2017 வரை பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றார். 2015 ஜூனில் சென்னை மெட்ரோ தொடங்கிய அன்று ரயிலை இயக்கியவர்களில் பெண்ணும் உண்டு.

ஆனாலும் கணக்கு இன்னும் நேராகவில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்கு இலவசப் பயணம். இருக்கைகளில் எல்லாம் பெண்கள் இருந்தாலும், ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணைப் பார்த்தால் இன்றும் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறோம். வசந்தகுமாரி சேர்ந்து முப்பது வருடம் கடந்த பிறகும் அது நமக்கு அதிசயமாகத்தான் இருக்கிறது.

லைசென்ஸ் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அதிகாலை ஷிப்டுக்கு வீட்டிலிருந்து கிளம்ப வழி வேண்டும். இரவில் ஓய்வெடுக்கப் பாதுகாப்பான அறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பகல் முழுவதும் சாலையில் இருப்பவருக்குச் சுத்தமான ஒரு கழிப்பறை வேண்டும். அது இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர்.

இதில் நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. நம் வாசலுக்குச் சவாரி கொண்டுவரும் பெண் ஓட்டுநர் கேட்டால், தரைத்தளக் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதிக்கும்படி காவலாளியிடம் சங்கம் சொல்லி வைக்கலாம். கூடவே ஒரு குடிநீர் கேனும் வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோமா?