கைமோசின் (நுண்ணுயிர்வழி உற்பத்தி)

கைமோசின் பாலைத் திரையவைக்கும் நொதி. பாலிலுள்ள கப்பா-கேசீன் புரதத்தை 105, 106ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையே வெட்டுகிறது. பாலாடைக்கட்டித் தயாரிப்பில் பரவலாகப் பயன்படுகிறது. பால்குடிக் கன்றின் நான்காம் இரைப்பை அறையில் சுரப்பதால், நெடுங்காலம் கன்றுகளை அறுத்தே பெறப்பட்டது. 1980களில் அதன் மரபணு நுண்ணுயிர்களுக்குள் புகுத்தப்பட்டது.

எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியா, முன்வடிவமான புரோகைமோசினைக் கரையாத திரள்களாகச் செல்லுக்குள்ளேயே சேர்க்கிறது. அவற்றைப் பிரித்து, கரைத்து, புரத மடிப்பைச் சீராக்கி, அமிலச் சூழலில் வைத்துச் செயல்படும் நொதியாக மாற்ற வேண்டும். குளுவெரோமைசிஸ் லாக்டிஸ் ஈஸ்ட் புரோகைமோசினைச் சரியாக மடித்து வளர்ப்பு ஊடகத்தில் சுரந்துவிடுவதால் பிரித்தெடுப்பது எளிது.

1990இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்டீரியாவழிக் கைமோசினை ஏற்றது. மரபணு மாற்றிய நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டு, அங்கே உணவில் அனுமதி பெற்ற முதல் நொதி இதுவே. கன்றைக் கொல்லாமல் கைமோசின் பெற இது வழிவகுத்தது.